“38 – 158” என்று எழுதிய காபி டின்: அடையாளம் தெரியாத வார்ப்பு ஈயக் குண்டுகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஒஹாயோ மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியில் நான் உறுப்பினராக இருக்கும் துப்பாக்கி சுடும் கழகத்தின் மூத்தவர் ஒருவர் சென்ற இலையுதிர் காலத்தில் காலமானார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் வீட்டுக் கார் கொட்டகையில் ஈயம் உருக்கி, அச்சில் வார்த்து, இலக்குப் பயிற்சிக்கு வேண்டிய தோட்டாக்களைத் தாமே தயாரித்துக்கொண்டவர் அவர். அவருடைய மனைவி என்னை அழைத்து, அலமாரியின் அடித்தட்டில் இருந்த ஐந்து டின்களையும் எடுத்துச் செல்லும்படி கேட்டுக்கொண்டார். அச்சுகளை அவர் உயிரோடு இருந்தபோதே யாருக்கோ கொடுத்துவிட்டார், குறிப்பேடும் கிடைக்கவில்லை. மிஞ்சியவை குண்டுகளும், மூடிகளின் மேல் பென்சிலால் எழுதிய சில எண்களும் மட்டுமே. அந்த எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதே இந்த ஆய்வு எடுத்துக்கொண்ட கேள்வி.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். இங்கே அப்படிச் சொன்னால் குழப்பம் வரும். பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் பொருத்திய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. குழல் வழியாகப் பறந்து செல்லும் உலோகத் துண்டு மட்டுமே குண்டு. சுட்டபின் மிஞ்சும் பித்தளை உறையைச் சுத்தம் செய்து, மீதி மூன்றையும் புதிதாகச் சேர்த்து மறுபடி தோட்டாவாக்குவதை ரீலோடிங் என்கிறார்கள். அமெரிக்காவில் ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு இதைச் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. குண்டின் எடை கிரெயின் என்னும் அலகில் சொல்லப்படுகிறது. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.0648 கிராம்.

மருந்தளவு எதையும் இந்தக் கட்டுரை சொல்லப்போவதில்லை. அது அச்சிட்ட கையேட்டிலிருந்து, அந்தக் குறிப்பிட்ட குண்டுக்கென்று எடுக்க வேண்டிய கணக்கு. கையேட்டில் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று தெரிவதற்கே முதலில் கையில் இருக்கும் குண்டு எதுவென்று தெரிய வேண்டும். நான் எழுத வந்தது அந்த முதற்படியைப் பற்றி மட்டும்.

எடை தெரிந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன். வேறொருவரிடமிருந்து வந்த ஒரு பெட்டியின் மேல் “158” என்று இருந்ததைப் பார்த்து, தராசில் வைத்தபோது எடையும் ஒத்துப்போனதால் மேற்கொண்டு எதையும் பார்க்காமல் பயன்படுத்தினேன். முப்பது குண்டுகள் சுட்டதும் இலக்கில் துளைகள் சிதறத் தொடங்கின. குழலின் வாய்வழியே ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தபோது, வரிப்பள்ளங்களின் ஓரங்களில் ஈயம் சாம்பல் நிறப் பட்டைகளாக அப்பியிருந்தது. அதைத் தேய்த்து எடுக்க ஒரு மாலை முழுவதும் பிடித்தது. எனக்கு நேர்ந்தது அவ்வளவோடு போயிற்று. ஆனால் அதே தவறு வேறொரு திசையில் நடந்திருந்தால் ஆபத்து துப்பாக்கிக்கும் கைக்கும் வந்திருக்கும். ஏனென்றால், எடை ஒன்றாக இருக்கும் இரண்டு குண்டுகளில் ஒன்று உறைக்குள் கூடுதல் ஆழம் இறங்கினால், உள்ளே மருந்துக்கு மிஞ்சும் இடம் குறைகிறது. இடம் குறைந்தால், மருந்து அதே அளவாக இருந்தாலும் அழுத்தம் ஏறுகிறது. .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தரம் வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; .357 மேக்னத்துக்கு 35,000. இரண்டும் ஒரே விட்டமுள்ள குண்டைப் பயன்படுத்துபவை. ஆகவே குண்டைப் பார்த்து மட்டும் அது எந்த அழுத்தத்துக்கு வார்க்கப்பட்டது என்று யூகிப்பது கூடாது.

டின்களைத் திறந்தவுடன் கண்ணில் பட்டது வெண்மையான பொடி. ஈரம் பட்ட ஈயம் காலப்போக்கில் வெள்ளைப் பூச்சாக மாறும். ஓக் போன்ற மரப்பெட்டிகளில் வைத்தால் மரத்திலிருந்து கசியும் அமில ஆவியால் அது இன்னும் விரைவாக நடக்கும். அந்தப் பொடி மூச்சில் போனாலும் விரலிலிருந்து வாய்க்குப் போனாலும் நஞ்சு. கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடக்கூடாது, உதறக்கூடாது, சமையலறைப் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்கக்கூடாது. மினரல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் பள்ளங்களைத் துலக்கி, துணியில் ஒற்றி எடுத்தேன். இந்தக் கழுவலை வெறும் சுத்தமாக எண்ணிவிட வேண்டாம். குழலில் வழுக்கிச் செல்வதற்காகப் பள்ளங்களில் அடைத்திருந்த மசகு மெழுகு போனபிறகுதான் குண்டின் உண்மையான உருவம் தெரிந்தது. கழுவுவதற்கு முன் மெழுகைப் பார்த்துக் குறித்துக்கொள்வதும் முக்கியம். பழுப்பாகப் பிசுபிசுத்தது, தேன்மெழுகும் அலாக்ஸ் என்னும் மசகும் சரிபாதியாகக் கலந்த பழைய கலவை. வீட்டில் வார்ப்பவர்களின் கைவேலைக்கு அது அடையாளம். நீலமாகவோ சிவப்பாகவோ கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் கடையில் வாங்கியது. குண்டு முழுவதும் மெல்லிய பொன்னிறப் பூச்சு இருந்தால், லீ நிறுவனத்தின் திரவ அலாக்ஸில் புரட்டி எடுத்தது. நான் எடுத்துக்கொண்ட முதல் டின்னில் பழுப்பும் நீலமும் கலந்திருந்தன. ஒரே டின்னில் இரண்டு மெழுகு என்றால், ஒரே டின்னில் குறைந்தது இரண்டு வகைக் குண்டு என்று அப்போதே சந்தேகம் வந்தது.

அந்த டின்னின் மூடியில் “38 – 158” என்று இருந்தது. இந்த 38 என்ற எண்ணே ஒரு பொறி. .38 ஸ்பெஷலின் குண்டு விட்டம் 0.38 அங்குலம் அல்ல, 0.357 அல்லது 0.358. குண்டின் அடிப்பகுதியைச் சிறுக்கி உறைக்குள் நுழைத்து, மேற்பகுதியை உறையின் வெளிவிட்டத்துக்குச் சமமாக வைத்திருந்த பழைய காலத்தின் பெயர் இது. குண்டு உறைக்குள் முழுதாக அடங்கிய பிறகும் பெயர் மட்டும் மாறாமல் தங்கிவிட்டது. பழைய .38 ஸ்மித் அண்டு வெஸன் தோட்டாவின் குழல் விட்டம் ஏறத்தாழ 0.361. .38-40 என்பதோ உண்மையில் 0.40 அங்குலக் குண்டு. .38-55 துப்பாக்கிக்கு 0.375-க்கும் மேல் வேண்டும். ஆகவே “38” என்று எழுதிய ஒரு மூடிக்குக் கீழே நான்கு வெவ்வேறு விட்டங்களுக்கு இடம் உண்டு. பென்சிலால் எழுதியவருக்கு அது தெரிந்திருந்தது. அவர் தமக்காக எழுதிக்கொண்டார், நமக்காக அல்ல.

விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளப்பவர்கள் அதிகம். அது போதாது. 0.358-க்கும் 0.361-க்கும் இடையிலுள்ள மூன்று ஆயிரத்தில் பங்கு அங்குலம் காலிப்பரின் தாடையில் விரல் கொடுக்கும் அழுத்தத்திலேயே தொலைந்துபோகும். பத்தாயிரத்தில் பங்கு வரை காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் குண்டின் மேல் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அந்தக் கோட்டின் மேல் ஓர் அளவும், அதற்குச் செங்குத்தாக இன்னோர் அளவும் எடுக்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் குண்டு அச்சிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று பொருள். இரண்டும் ஒன்றாக இருந்து, குண்டின் பள்ளங்களுக்கு இடையிலுள்ள பட்டைகளும் மெருகேறிப் பளபளத்தால், அளவுத் துளையில் அழுத்தி ஒரே விட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அப்போது கிடைப்பது துளையின் விட்டம். அச்சின் விட்டம் மறைந்துவிட்டது. முதல் டின்னில் நான் அளந்த அறுபது குண்டுகளும் 0.358 காட்டின. ஆக .38 ஸ்பெஷல், .357 மேக்னம் குடும்பம் என்ற அளவில் விட்டம் தீர்ந்தது. எடையும் 156 முதல் 159 கிரெயினுக்குள் அடங்கியது. மூடியில் எழுதியது சரிதானே என்று அங்கேயே நிறுத்திவிடத் தோன்றும்.

நிறுத்தாமல் வெள்ளைத் துணியில் வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தபோது மூன்று கூட்டங்கள் பிரிந்தன. மூன்றுமே செமி-வாட்கட்டர் என்னும் வடிவம்: தட்டையான மூக்கு, அதற்குக் கீழே கூம்பு, அதற்கும் கீழே இலக்குத் தாளில் வட்டத் துளை வெட்டும் கூரிய தோள். வேறுபாடு அடியில்தான் இருந்தது. முதல் கூட்டத்துக்குத் தட்டையான, கூர்விளிம்புள்ள அடி. அதன் நடுவில் அச்சின் மேல்தகடு ஈயத்தை வெட்டிய வட்டத் தழும்பு. இரண்டாம் கூட்டத்தின் அடியில் செம்பு நிறத்தில் ஒரு சிறு கிண்ணம் கவ்வியிருந்தது. இதற்குக் கேஸ் செக் என்று பெயர், சூடான வாயு ஈயத்தை அரிக்காமல் காப்பது. அந்தக் கூட்டத்தில் இன்னொரு தனித்தன்மையும் இருந்தது: உறையின் வாயை மடித்துக் கவ்வவைக்கும் கிரிம்ப் பள்ளம் ஒன்றல்ல, இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. மூன்றாம் கூட்டத்தின் அடிவிளிம்பு சாய்வாகச் சீவியதுபோல் இருந்தது. உறைக்குள் எளிதாக நுழையவும் இயந்திரத்தில் வேகமாக வார்க்கவும் வணிக வார்ப்பாளர்கள் விரும்பும் அமைப்பு இது. நீல மெழுகு இந்த மூன்றாம் கூட்டத்துக்கு மட்டுமே உரியது.

இரண்டு கிரிம்ப் பள்ளமும் கேஸ் செக்கும் சேர்ந்து வந்தால், இந்தக் கலையில் பழகியவர்கள் உடனே ஒரு எண்ணைச் சொல்வார்கள்: லைமன் என்னும் நிறுவனத்தின் அச்சு எண் 358156. ரே தாம்ப்சன் என்பவர் வகுத்த வடிவம் அது. .357 மேக்னம் உறையின் நீளம் 1.290 அங்குலம், .38 ஸ்பெஷல் உறையின் நீளம் 1.155, ஒரே குண்டை இரண்டு உறைகளிலும் பயன்படுத்த வசதியாகவே இரண்டு பள்ளங்கள். எந்தப் பள்ளத்தில் உறையை மடிக்கிறோம் என்பதைப் பொறுத்து உள்ளே இறங்கும் ஆழம் மாறும் என்பதைத்தான் நான் மேலே அழுத்திச் சொன்னேன்.

லைமன் எண்முறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழைய டின்களின் மூடிகளில் அதிகம் தென்படுவது அதுதான். ஜான் பார்லோ 1884-ல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய ஐடியல் நிறுவனத்தின் அச்சு எண்களே இவற்றுக்கு மூலம். 1925-ல் லைமன் அதை வாங்கியபோது எண்களும் கூடவே வந்தன. முதல் மூன்று இலக்கம் விட்டத்தைக் குறிக்கும்: 358 என்றால் 0.358 அங்குலம். கடைசி மூன்று இலக்கம் வடிவத்தின் வரிசை எண். எடை அந்த எண்ணில் எங்குமே இல்லை. லீ நிறுவனத்தார் இதற்கு மாறாக, விட்டம், எடை, மூக்கு வடிவம் என்று வரிசையாக எழுதுவார்கள். ஆகவே மூடியில் எண் இருந்தால், அது எந்த நிறுவனத்தின் மொழியில் எழுதப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். அச்சின் பக்கவாட்டில் பொறித்த எண் குண்டின் மேல் பதிவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பிறந்த இடத்தைக் குண்டு தன் வடிவத்தால் மட்டுமே சொல்லும்.

என்னை மிகவும் சிரமப்படுத்தியது முதல் கூட்டம். தட்டை அடி, ஒரு கிரிம்ப் பள்ளம், ஒரு மசகுப் பள்ளம், சராசரி எடை 157.2 கிரெயின். லைமன் அட்டவணையில் இந்த உருவத்துக்கு அருகில் வரும் 358477-இன் எடை 150. துப்பாக்கிகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற எல்மர் கீத் வகுத்த 358429 இதைவிடக் கனமானது, 170 கிரெயின் சுற்றளவில் வரும். அதன் மூக்கும் நீளம். இரண்டுக்கும் நடுவே 157 எங்கிருந்து வந்தது? அட்டவணை எடை என்பது ஒரு குறிப்பிட்ட உலோகக் கலவையில் வார்த்தால் கிடைக்கும் எடை என்பதை மறந்தால் இங்கே வழி தவறும். லைமனின் அடிப்படைக் கலவை எண் 2 என்பது 90 விழுக்காடு ஈயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமனி. தூய ஈயத்தின் ஒப்படர்த்தி, அதாவது நீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்பது, 11.34; வெள்ளீயம் 7.3; ஆன்டிமனி 6.7. எனவே கலப்பு கூடக் கூடக் குண்டு இலேசாகும். கணக்குப் போட்டால் எண் 2 கலவை 10.67 சுற்றளவில் வரும். பழைய அச்சகங்களின் லைனோடைப் உலோகம், 84 ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம், 10.26-க்கு இறங்கும். ஒரே அச்சில் ஒருவர் தூய ஈயத்தையும் இன்னொருவர் லைனோடைப்பையும் வார்த்தால், இரண்டு குண்டுகளின் எடை பத்து விழுக்காடு வேறுபடலாம். அளவோ ஏறத்தாழ ஒன்றே.

ஆகவே எடையை விட்டுவிட்டு அடர்த்தியை அளக்கத் தீர்மானித்தேன். பள்ளிக்கூடத்தில் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் படித்த எவரும் செய்யக்கூடியது இது. பத்துக் குண்டுகளை மெல்லிய நூல் வலையில் கட்டி, தராசின் கொக்கியில் தொங்கவிட்டு, முதலில் காற்றில் எடை பார்த்தேன்: 1,572.0 கிரெயின். பிறகு அதே கொத்தை அறைச் சூட்டில் இருந்த வடிநீரில் முழுவதும் அமிழும்படி தொங்கவிட்டேன். குண்டுகளின் பள்ளங்களில் காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு எடையைத் திருடும். நீரில் ஒரு துளி பாத்திரச் சோப்பு விட்டு, கொத்தை மெதுவாகத் தட்டித் தட்டி, கடைசிக் குமிழி மேலே வரும்வரை காத்திருந்தேன். எடைக் குறைவு 140.4 கிரெயின். 1,572.0-ஐ 140.4-ஆல் வகுத்தால் 11.20. ஒவ்வொன்றாக அளந்திருந்தால் தராசின் பிழையே விடையை விழுங்கியிருக்கும். பத்தாக அளந்ததால் பிழை பொறுக்கும் அளவுக்கு வந்தது.

11.20 என்பது ஏறத்தாழத் தூய ஈயம். நாற்பது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்த மெல்லிய கலவை சரியாக அங்கேதான் நிற்கும். இப்போது கணக்கைத் திருப்பிப் போடலாம். இந்தக் குண்டு அதே கன அளவில், எண் 2 கலவையில் வார்க்கப்பட்டிருந்தால் என்ன எடை இருக்கும்? 157.2-ஐ 10.67-ஆல் பெருக்கி 11.20-ஆல் வகுத்தால் 149.8. அட்டவணை சொல்லும் 150-க்கு இவ்வளவு அருகில் வந்ததைக் கண்டதும் அந்த இரவில் எனக்குக் கிடைத்த நிறைவை மறைக்க விரும்பவில்லை. உருவம், அடி, பள்ளங்களின் எண்ணிக்கை, கன அளவு நான்கும் 358477-ஐயே சுட்டின. மூடியில் எழுதிய 158, தராசு காட்டிய எடை என்ற வகையில் உண்மை. குண்டின் பெயர் என்ற வகையில் பொய்.

இரண்டாம் கூட்டத்துக்கும் அதையே செய்தேன். செம்புக் கிண்ணம் ஒப்படர்த்தியைக் குழப்பும் என்பதால் பத்துக் குண்டுகளிலிருந்து அவற்றைக் குறட்டால் கழற்றிய பிறகு அளந்தேன்: காற்றில் 1,531, குறைவு 143.4, விடை 10.68. எண் 2 கலவையின் எண் இது. மூன்றாம் கூட்டம் 10.77 காட்டியது, 92 ஈயம், 6 ஆன்டிமனி, 2 வெள்ளீயம் என்று வணிக வார்ப்பாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கலவைக்கு அது பொருந்தும். ஆனால் 10.68-க்கும் 10.77-க்கும் உள்ள இடைவெளி என் தராசின் பிழையை விட அதிகம் பெரிதல்ல என்பதால், மூன்றாம் கூட்டத்தின் அடையாளத்துக்கு அடியின் சாய்வையும் நீல மெழுகையுமே நான் முதன்மையாக நம்புகிறேன்.

கடினத்தைப் பென்சிலால் சோதிப்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த எளிய முறை. ஓவியர்கள் பயன்படுத்தும் பென்சில்களின் கரிமுனையைத் தட்டையாக உரசி, குண்டின் மேல் தள்ளிப் பார்ப்பார்கள். மென்மையான பென்சில் வழுக்கும், கடினமானது உலோகத்தைச் சீவும், சீவத் தொடங்கும் முதல் பென்சில் கடினத்தின் அளவு. முதல் கூட்டத்தை 5பி பென்சிலே சீவியது. நகத்தாலும் கீறல் விழுந்தது. மற்ற இரண்டையும் சீவ எச்பி, எஃப் பக்கம் போக வேண்டியிருந்தது. ஆயினும் கடினத்தை வைத்துக் கலவையை முடிவு செய்வது சரியன்று. சக்கரங்களில் பொருத்தும் பழைய ஈய எடைகளை உருக்கி வார்த்து, அச்சிலிருந்து நேரே தண்ணீரில் விழவிட்டால், அதிலிருக்கும் சிறிதளவு ஆன்டிமனியே அதை லைனோடைப்புக்கு அருகில் இறுக்கிவிடும். கடினம் என்பது குண்டு எப்படி ஆறியது என்பதையும் சேர்த்துச் சொல்லும் எண். அடர்த்தி, அதில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும்.

கலவை தெரிந்தாலும் குண்டு யாருடையது, எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடாது என்பதற்கு மிகப் பெரிய சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஆய்வகம், குற்ற நிகழ்விடத்தில் கிடைத்த குண்டின் ஈயத்திலுள்ள நுண்கலப்புகளை அளந்து, சந்தேக நபரிடம் இருந்த பெட்டியோடு ஒப்பிட்டுப் பல்லாண்டுகள் நீதிமன்றங்களில் சாட்சியம் அளித்துவந்தது. 2004-ல் தேசிய ஆராய்ச்சிக் குழு அந்த முறையை ஆராய்ந்து, அளவீடு சரியாக இருந்தாலும் அதிலிருந்து எடுத்த முடிவுகள் அளவு மீறியவை என்று காட்டியது. 2005 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. அதைக் கைவிட்டது. மனிதர்களின் விடுதலையும் தண்டனையும் தொங்கிய இடத்திலேயே அந்தப் பிழை நடந்திருக்கிறது. என் மேசையில் நடப்பது சிறிய காரியம். ஆனாலும் அடர்த்தி எண்ணைப் பார்த்து அளவுக்கு மீறி எதையும் சொல்லிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையை அங்கிருந்தே எடுத்துக்கொண்டேன்.

மூன்று கூட்டங்களும் ஒரே எடை, ஒரே விட்டம். ஆனால் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. மென்மையான 358477 தாழ்ந்த அழுத்தத்தில் அடி விரிந்து குழலை நன்றாக அடைத்துக்கொள்ளும். மேக்னம் வேகத்துக்குத் தள்ளினால் ஈயம் குழலில் அப்பும். கேஸ் செக் உள்ள 358156 அந்த வேகத்துக்கென்றே பிறந்தது. கடினமான வணிகக் குண்டைத் தாழ்ந்த அழுத்தத்தில் சுட்டால் அடி விரியாமல், ஓரங்களில் கசியும் வாயு ஈயத்தை அரித்துக் குழலின் தொடக்கத்திலேயே படியவைக்கும். மென்மையானதுதான் குழலைக் கெடுக்கும், கடினமானது ஒருபோதும் கெடுக்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எனக்கு முன்பு நேர்ந்த அந்த மாலைநேரத் தேய்ப்புக்குக் காரணம் கடினமான குண்டுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது. அன்றைய பெட்டியில் மிச்சமிருந்த இரண்டு குண்டுகளின் அடியும் சாய்வாகச் சீவியதே.

அடையாளத்தை உறுதிசெய்யும் கடைசிப் படியாக, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு குண்டை எடுத்து, மருந்தும் பிரைமரும் இல்லாத வெற்று உறையில் பொருத்தி மாதிரித் தோட்டா செய்தேன். பிரைமர் குழி காலியாக இருப்பது வெளியிலிருந்தே தெரிவதால் அதை யாரும் உயிருள்ள தோட்டாவாக எண்ணமாட்டார்கள். கிரிம்ப் பள்ளத்தில் மடித்தபின் மொத்த நீளத்தை அளந்து, கையேட்டில் அந்த அச்செண்ணுக்கு அச்சிட்ட நீளத்தோடு ஒப்பிட வேண்டும். .38 ஸ்பெஷலின் உச்ச நீளம் 1.550 அங்குலம், .357 மேக்னத்தின் உச்ச நீளம் 1.590. பிறகு சுழலியின் (ரிவால்வரின்) உருளையில் இட்டு, மூக்கு வெளியே நீட்டாமல் உருளை தடையின்றிச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். கீத்தின் 358429-ஐ .357 உறையில் பள்ளத்தில் மடித்தால், உருளை குட்டையான சில ஸ்மித் அண்டு வெஸன் சுழலிகளில் மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பது பலரும் அறிந்த தொல்லை. அடையாளம் தவறியதை இந்தப் படி அடிக்கடி காட்டிக்கொடுக்கும். என் மூன்று மாதிரிகளும் எதிர்பார்த்த நீளத்திலேயே நின்றன.

மற்ற டின்கள் இவ்வளவு பாடுபடுத்தவில்லை. “44” என்ற டின்னில் இருந்தவை 0.430 விட்டம், மூன்று அகலப் பட்டைகள், தட்டை அடி, 250 கிரெயினை ஒட்டிய எடை. கீத் வடிவமான 429421. கீத் கேட்டது சதுரக் குறுக்குவெட்டுள்ள மசகுப் பள்ளம். இவற்றில் அது வளைவாக இருந்ததால், பிற்காலத்தில் வெட்டிய அச்சு என்று கொள்ளலாம். 0.427 காட்டியிருந்தால் .44-40-க்கானதோ என்று தேட வேண்டியிருக்கும். “30” டின்னில் தட்டை மூக்கும் கேஸ் செக்கும் கொண்ட 311041. துப்பாக்கியின் குழாய்க் கிடங்கில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் .30-30 தோட்டாக்களில் பின்னால் நிற்பதன் கூர்மூக்கு முன்னால் நிற்பதன் பிரைமரைக் குத்தாமல் இருக்கத்தான் அந்தத் தட்டை. “45-70” டின்னில் 385 கிரெயின் வட்டமூக்கு, 457124. இவற்றில் ஒரு டின்னுக்கு ஒரு வகை மட்டுமே இருந்தது.

ஐந்தாவது டின்னின் மூடியிலும் “38” என்றுதான் இருந்தது, எடை எழுதவில்லை. வட்டமூக்கு, தட்டை அடி, சராசரி 146 கிரெயின். விட்டம் 0.3605 முதல் 0.3615 வரை, பிளவுக் கோட்டின் மேல் ஓர் அளவும் குறுக்கே வேறோர் அளவுமாக இருந்தது. துளையில் அழுத்தப்படாத குண்டு என்று பொருள். .38 ஸ்மித் அண்டு வெஸனுக்கென்றே பெரிதாக வார்த்தவையாக இருக்கலாம். 0.358-க்கு அழுத்த வேண்டியிருந்து, அந்த வேலை முடியாமல் நின்றுபோனவையாகவும் இருக்கலாம். அடர்த்தி பத்துப் பத்தாக அளந்த மூன்று கொத்துகளுக்கு மூன்று விதமாக வந்தது. அப்படியானால் ஒரே உருக்கில் வந்தவையும் அல்ல. பழைய .38 ஸ்மித் அண்டு வெஸன் சுழலிகளில் பல, மிகத் தாழ்ந்த அழுத்தத்தை மட்டுமே தாங்கும் நூற்றாண்டுப் பழமையானவை. இந்தக் குண்டுகளுக்கு நான் ஒரு பெயர் சூட்டி வேறொருவர் கையில் கொடுத்தால், அவர் என் சொல்லை நம்பிக் கையேட்டின் பக்கத்தைத் திறப்பார். அந்தப் பொறுப்பை ஏற்க என்னால் முடியவில்லை.

நீரில் அளந்த குண்டுகளின் பள்ளங்களில் ஈரம் தங்கியிருக்கும். ஈரமான ஈயம் உருகிய ஈயத்தில் விழுந்தால் நீர் ஒரு நொடியில் ஆவியாகிக் கொப்பரையையே வெடித்துச் சிதறவைக்கும். அதனால் ஐந்தாவது டின்னை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, குளிர்ந்த கொப்பரையில் போட்டு, பிறகே அடுப்பை மூட்டினேன். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். கலப்புள்ள குண்டுகள் அதற்கும் முன்பே சாய்ந்து அமிழ்ந்தன. கசடை வழித்தெடுத்து, நான்கு கட்டிகளாக வார்த்து, ஒவ்வொன்றின் மேலும் “கலவை தெரியாது” என்று ஆணியால் கீறி அலமாரியில் வைத்திருக்கிறேன். முதல் டின்னின் மூடியில் அவர் பென்சிலால் எழுதியதை அழிக்கவில்லை. குண்டுகளை மட்டும் மூன்று புதிய டப்பாக்களில் பிரித்து, அச்செண், விட்டம், அடியின் வகை, ஒப்படர்த்தி, அளந்த தேதி ஐந்தையும் ஒட்டி, பழைய மூடியை முதல் டப்பாவின் மேல் வைத்து அவருடைய மனைவியிடம் காட்டிவிட்டு எடுத்து வந்தேன்.